நாலு கோடு, ஒரு நிமிஷம்: தெரபில குடுக்கற குட்டி ஃபார்ம நம்பலாமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உள்ள வந்து உக்காந்த உடனே ஒரு பேப்பர நீட்டறீங்களே அது எதுக்குன்னு கேக்காத ஆளே இல்ல. வர்றவங்க கேக்கறாங்க, கூட வர்ற வீட்டுக்காரங்க கேக்கறாங்க, இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற எம்.எஸ்சி சைக்காலஜி பசங்க கேக்கறது இன்னும் வில்லங்கமா இருக்கு, "மேடம், நாலே நாலு கேள்வி, இதுக்கெல்லாம் ரிலையபிலிட்டி இருக்குமா?"ன்னு. தனித்தனியா பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் இங்க ஒண்ணா போட்டுட்டேன். நான் கவுன்சிலிங் பண்ற ஆள், புள்ளியியல் நிபுணர் இல்ல, ஆனா தினமும் இந்த எண்களோடதான் குடும்பம் நடத்தறேன்.

அந்த ஃபார்ம் என்னது? பேரு என்ன?

பேரு ஓ.ஆர்.எஸ். வயித்துப்போக்குக்கு தண்ணில கரைச்சு குடிக்கறது இல்லீங்க, இது அவுட்கம் ரேட்டிங் ஸ்கேல். அமெரிக்காவுல ஸ்காட் மில்லர், பேரி டங்கன்னு ரெண்டு பேரும் அவங்க கூட்டாளிகளும் சேந்து 2003ல வெளியிட்டது. ஒரு பக்கம், நாலு கோடு, ஒவ்வொண்ணும் சரியா 10 சென்டிமீட்டர். முதல் கோடு நீங்க தனிப்பட்ட முறையில எப்படி இருக்கீங்க, ரெண்டாவது குடும்பம் நெருங்கின உறவு, மூணாவது வேலை படிப்பு நட்பு, நாலாவது மொத்தத்துல எப்படி. இடது பக்கம்னா மோசம், வலது பக்கம்னா நல்லாருக்கு. போன ஒரு வாரத்த நெனச்சு கோட்டு மேல ஒரு குறி போடணும், நாங்க ஸ்கேல் வெச்சு அளந்து கூட்டுவோம், மொத்தம் 40க்கு.

இதே மாதிரி செஷன் முடியும்போது இன்னொரு நாலு கோடு குடுப்போம், அது எஸ்.ஆர்.எஸ், அதாவது செஷன் ரேட்டிங் ஸ்கேல், அதுல நீங்க எங்களுக்கு மார்க் போடறீங்க. சில பேருக்கு பி.எச்.கியூ-9ம் குடுப்போம், அது டிப்ரஷனோட ஒன்பது அறிகுறிய போன ரெண்டு வாரத்துல எத்தன நாள் இருந்துச்சுன்னு கேக்கறது, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3, மொத்தம் 27. கவனிங்க, இதுல எண் ஏறினா மோசம், ஓ.ஆர்.எஸ்ல எண் ஏறினா நல்லது. இதுல குழம்பாத இன்டர்ன நான் இன்னும் பாக்கல.

இவ்ளோ சின்னதா இருந்தா என்ன தெரிஞ்சிடும், பெரிய டெஸ்ட்தானே நல்லது?

தத்துவப்படி ஆமா. கேள்வி கூடக்கூட நம்பகத்தன்மை ஏறும், ஒரு கேள்விய நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாலும் மத்த கேள்விங்க அத சமாளிச்சுடும். மைக்கேல் லாம்பெர்ட்டோட ஓ.கியூ-45ன்னு ஒண்ணு இருக்கு, 45 கேள்வி, 0லேர்ந்து 180 வரைக்கும் ஸ்கோர், தெரபி ஆராய்ச்சில ரொம்ப மதிப்பான கருவி. ஆனா வாரா வாரம் 45 கேள்விய யார் ரொப்புவா? ஓ.ஆர்.எஸ் வந்த கதையே அதுதான். 2003 கட்டுரையில அவங்களே ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஒரு வருஷம் முடியும்போது ஓ.ஆர்.எஸ் குடுத்த எடத்துல 89% தெரபிஸ்ட் விடாம பயன்படுத்திட்டு இருந்தாங்க, ஓ.கியூ-45 குடுத்த எடத்துல 25% தான். பீரோவுல பூட்டி வெச்ச நல்ல கருவிய விட மேஜை மேல கெடக்கற சுமாரான கருவி பரவால்லன்னு ஒரு கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு சரியாத்தான் படுது, ஆனா ஓசியில கெடைச்சதில்ல, அதுக்கு குடுக்கற வெலை என்னன்னு கீழ வருது.

நம்பகத்தன்மை (ரிலையபிலிட்டி), ஏற்புடைமை (வேலிடிட்டி) ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. பி.எட் படிச்சவங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையும் பரிச்சயம், பரீட்சைக்கு எழுதிட்டு மறந்திருப்பீங்க. எங்க வீட்டு ஹால் கடியாரத்த எங்கம்மா பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருப்பாங்க, பஸ்ஸ விட்டுடக் கூடாதுன்னு. அந்தக் கடியாரம் நம்பகமானது, என்னைக்குப் பாத்தாலும் அதே பத்து நிமிஷம்தான் ஃபாஸ்ட். ஆனா மணி என்னன்னு கேட்டா தப்பா சொல்லும், அதாவது ஏற்புடைமை இல்ல.

இதுல பாக்க வேண்டிய இன்னொரு விஷயம், அந்தத் தப்புக் கடியாரத்த வெச்சு சோறு எத்தன நிமிஷம் வெந்துச்சுன்னு சரியா சொல்லலாம். ஆரம்பத்துலயும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட், முடிவுலயும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட், கழிச்சா போயிடும். தெரபில ஓ.ஆர்.எஸ் செய்யற வேலை முக்காவாசி இதுதான், ஒரே ஆளு போன மாசத்துலேர்ந்து இந்த மாசத்துக்கு எவ்ளோ நகந்திருக்காருன்னு பாக்கறது. நீங்க இயல்பாவே எல்லாத்துக்கும் கொஞ்சம் கம்மியா மார்க் போடற ஆளா இருந்தா பரவால்ல, எப்பவும் அப்படியே போடுங்க. பிரச்சனை எப்ப வரும்னா நடுவுல யாராவது கடியார முள்ள திருப்பி வெச்சா. தெரபில அது நெசமாவே நடக்கும், மூணு மாசம் கழிச்சு "முன்னாடி எனக்கு கோவம் வர்றதே தெரியாது மேடம், இப்பத்தான் தெரியுது"ன்னு சொல்லி ரெண்டாவது கோட்டுல குறைச்சுப் போடுவாங்க. ஆளு நல்லா ஆயிட்டிருக்காரு, எண் எறங்குது. இத எந்த ஃபார்முலாவும் புடிக்காது, கேட்டாத்தான் தெரியும்.

ஆல்ஃபா 0.93ன்னு போட்டிருக்கே, அப்ப சூப்பர்தானே?

இன்டர்ன் பசங்களோட ஃபேவரிட் கேள்வி இது. குரோன்பாக் ஆல்ஃபான்னா உள்ள இருக்கற கேள்விங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு காட்டற எண், 1க்கு பக்கத்துல போகப்போக ஒத்துமை ஜாஸ்தி. 2003 கட்டுரையில ஓ.ஆர்.எஸ்க்கு 0.93 வந்துச்சு. நாலு கேள்விக்கு அது ரொம்ப ஒசத்தி, அதான் எனக்கு கொஞ்சம் சந்தேகமே.

யோசிங்க. கல்யாண வாழ்க்கை நாசமாப் போயி ஆனா ஆபீஸ்ல ஜம்முனு இருக்கற ஆளு நமக்கெல்லாம் தெரியும்தானே? அப்படிப்பட்டவங்க நெறைய இருந்தா ரெண்டாவது கோடும் மூணாவது கோடும் இவ்ளோ ஒத்துப் போகக்கூடாது. ஒத்துப் போகுதுன்னா என்ன அர்த்தம், ஜனங்க நாலு கோட்டையும் தனித்தனியா யோசிக்காம "இந்த வாரம் ஒரே கடுப்பு"ன்னு ஒரு மூட எடுத்துட்டு நாலுலயும் ஏறக்குறைய ஒரே எடத்துல கோடு கிழிக்கறாங்க. நாலு குறியும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா எறங்கி வர்ற பேப்பர் என் ஃபைல்ல எக்கச்சக்கம். அதனால மொத்த எண்ண நம்பலாம், "குடும்பம் 0.6 ஏறிடுச்சு, நட்பு 0.4 எறங்கிடுச்சு"ன்னு தனித்தனி கோட்ட வெச்சு ஜோசியம் சொல்றது வேணாம். எந்தக் கோடு மத்ததுலேர்ந்து தனியா விலகி நிக்குதோ அதப் பத்தி பேச ஆரம்பிக்கலாம், அவ்ளோதான்.

திரும்பக் குடுத்தா அதே எண் வருமா?

இதுக்கு பேரு டெஸ்ட்-ரீடெஸ்ட். பி.எச்.கியூ-9க்கு 2001ல குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் போட்ட கட்டுரையில ரெண்டு நாளுக்குள்ள ஃபோன்ல திரும்பக் கேட்டதுக்கு 0.84 வந்துச்சு. ஓ.ஆர்.எஸ்க்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுது, பொதுவா ஆல்ஃபாவ விட கீழதான். இது குறையான்னா, பாதி குறை பாதி இயல்பு. தெரபிக்கு வர்ற ஆளு மாறணும்னுதானே வர்றாரு, அவர் ஸ்கோர் அப்படியே நின்னா கருவி நல்லது, தெரபி வேஸ்ட்டுன்னு ஆயிடும். அதனாலதான் தெரபில இல்லாத ஆளுங்ககிட்ட எண் நகராம நிக்குதான்னும், தெரபில இருக்கறவங்ககிட்ட நகருதான்னும் ரெண்டையும் பாப்பாங்க. ஓ.ஆர்.எஸ் இந்த சோதனையில பாஸ்.

போன வாரம் 23, இந்த வாரம் 20. நான் மோசமாயிட்டேனா?

இல்ல. ரொம்ப பேர் இதுல பயந்துக்கறாங்க அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன்.

எந்த அளவுலயும் ஒரு ஆட்டம் இருக்கும். வர்ற வழியில டிராஃபிக்ல மாட்டினா ஒண்ணு கொறையும், ரிசப்ஷன்ல ஏ.சி ஓடினா ஒண்ணு ஏறும். எவ்ளோ நகந்தா அது ஆட்டம் இல்ல நெசமான மாற்றம்னு சொல்ல 1991ல ஜேக்கப்சனும் ட்ருவாக்ஸும் ஒரு வழி குடுத்தாங்க, ரிலையபிள் சேஞ்ச் இண்டெக்ஸ்னு. ஓ.ஆர்.எஸ்க்கு மில்லர் தரப்பு சொன்னது 5 புள்ளி. ஓ.கியூ-45க்கு 14. அதனால 3 எறங்கினது செய்தியே இல்ல, ஆனா மூணு நாலு வாரமா தொடர்ந்து எறங்கிட்டே வந்தா அது செய்தி.

கணக்கு புடிக்கறவங்களுக்கு மட்டும், மத்தவங்க இந்தப் பத்திய தாண்டிப் போங்க. பி.எச்.கியூ-9 ஸ்கோரோட திட்ட விலக்கம் ஒரு பேச்சுக்கு 6ன்னு வெச்சுப்போம். டெஸ்ட்-ரீடெஸ்ட் 0.84. ஒண்ணுலேர்ந்து அத கழிச்சா 0.16, வர்க்கமூலம் 0.4, ஆறால பெருக்கினா 2.4, இது ஒரு தடவ அளக்கும்போது வர்ற பிழை. ரெண்டு தடவ அளக்கறோம் அதனால 1.414ஆல பெருக்கினா 3.4 கிட்ட, அத 1.96ஆல பெருக்கினா 6.7. அதாவது 7 புள்ளி நகரணும். இப்ப அதே எடத்துல 0.84க்கு பதிலா பி.எச்.கியூ-9ஓட ஆல்ஃபா 0.89 போட்டுப் பாருங்க, 5.5 வரும், 6 புள்ளி போதும்னு ஆயிடும். ஆளு அதே ஆளு, ஃபார்ம் அதே ஃபார்ம், எந்த நம்பகத்தன்மை எண்ண எடுத்துக்கறோம்னு மட்டும் மாத்தினதுல 6 புள்ளி எறங்கின ஒருத்தர் "முன்னேறிட்டாரு" ஆயிடறாரு. இந்த 5, 6, 7 எல்லாம் கல்லுல செதுக்கினது இல்ல. இங்கிலாந்து அரசு தெரபி சேவையில பி.எச்.கியூ-9க்கு 6ன்னும், பதட்டத்துக்கான ஜி.ஏ.டி-7க்கு 4ன்னும் வெச்சிருக்காங்க.

இன்னொண்ணு. ஜனங்க கவுன்சிலிங் வர்றது எப்போ? தாங்க முடியாம போனப்போ. அதாவது கிராஃப் பாதாளத்துல இருக்கற வாரத்துல. அடுத்த வாரம் நாங்க ஒண்ணுமே பண்ணாட்டியும் எண் கொஞ்சம் ஏறும், ஜுரம் உச்சத்துல இருக்கும்போது டாக்டர்கிட்ட போனா மறுநாள் குறையற மாதிரி. முதல் வாரம் 14, ரெண்டாவது வாரம் 19ன்னு வந்தா "பாத்தீங்களா என் தெரபி"ன்னு நான் காலர தூக்கி விட்டுக்கக் கூடாது.

25க்கு மேல போட்டா நான் நார்மலா?

பெரியவங்களுக்கு கட்-ஆஃப் 25. அதுக்குக் கீழ இருந்தா தெரபி தேடி வர்ற ஆளுங்களோட ஸ்கோர் மாதிரி இருக்கு, மேல இருந்தா வராதவங்களோட ஸ்கோர் மாதிரி இருக்கு. அவ்ளோதான் அதோட அர்த்தம், நார்மல் சர்டிஃபிகேட் கிடையாது. டீனேஜ் பசங்களுக்கு 28, சின்னப் பசங்களுக்கு இன்னும் மேல 32, ஏன்னா பசங்க பொதுவாவே வலது பக்கம்தான் போடுவாங்க.

வர்றவங்கள்ல நாலுல ஒருத்தர்லேர்ந்து மூணுல ஒருத்தர் வரைக்கும் முதல் நாளே 25க்கு மேலதான் போடுவாங்கன்னு இத உருவாக்கினவங்களே சொல்லியிருக்காங்க. இவங்கள்ல பாதி பேர யாரோ இழுத்துட்டு வந்திருப்பாங்க. "எனக்கு ஒண்ணும் இல்ல, எங்கப்பாதான் போகச் சொன்னாரு"ன்னு ஒரு தம்பி நாலு கோட்டுலயும் 9.5ல போட்டுட்டு ஃபோன நோண்டிட்டு உக்காந்திருந்தான். பேப்பர திருப்பி, "சரி, உங்கப்பா உனக்கு மார்க் போட்டா எங்க போடுவாரு?"ன்னு கேட்டேன். பேனாவ வாங்கி யோசிக்காம எல்லாத்துலயும் 2ல போட்டான். அன்னைக்கு செஷன் அந்த ரெண்டு குறிக்கு நடுவுல இருக்கற எடத்தப் பத்திதான் ஓடுச்சு.

அனுபவம் உள்ள தெரபிஸ்ட்டுக்கு மொகத்தப் பாத்தாலே தெரியாதா?

தெரியும்னு நாங்களும் நெனச்சுட்டு இருந்தோம். 2005ல ஹன்னனும் லாம்பெர்ட் குழுவும் ஒரு ஆய்வு போட்டாங்க, 550 பேர், யார் யார் தெரபி முடிவுல மோசமாவாங்கன்னு தெரபிஸ்ட்டுங்களையே கணிக்கச் சொன்னாங்க. நெசத்துல மோசமானது 40 பேர். தெரபிஸ்ட்டுங்க மோசமாவாங்கன்னு சொன்னது 3 பேர், அதுல சரியானது ஒண்ணே ஒண்ணு. 2012ல இன்னொரு ஆய்வுல மனநல நிபுணர்கள்கிட்ட உங்க திறமை மத்தவங்களோட ஒப்பிட்டா எங்க இருக்குன்னு கேட்டா சராசரியா நூத்துல எண்பது பேர விட நாங்க மேலன்னு சொல்லிக்கிட்டாங்க, சராசரிக்குக் கீழன்னு ஒருத்தர் கூட சொல்லல. எல்லாரும் சராசரிக்கு மேல எப்படி இருக்க முடியும்? நானும் அந்த ஆய்வுல இருந்திருந்தா 80ன்னுதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்ல விரும்பல.

இதப் படிச்சப்புறம்தான் நான் ஒழுங்கா ஃபார்ம் குடுக்க ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி ஞாபகம் வந்தா குடுப்பேன்.

ஓ.ஆர்.எஸ் சரியானதத்தான் அளக்குதுன்னு எப்படி சொல்றீங்க?

ஏற்கனவே ஒத்துக்கிட்ட ஒரு கருவியோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. ஓ.ஆர்.எஸ்ஸ ஓ.கியூ-45ஓட வெச்சுப் பாத்தா ஒட்டுறவு, அதாவது ரெண்டும் எவ்ளோ ஒத்துப் போகுதுங்கற எண், 0.59. இத வர்க்கப்படுத்தினா 0.35, அதாவது ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. நாலு கோட்டுக்கு இது மோசமில்ல, ஆனா "அதுக்கு பதிலா இது"ன்னு அப்படியே மாத்தி வெச்சுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பொதுவான மனக்கஷ்டத்த அளக்குதுன்னு சொல்லலாம். என்ன நோய்னு அது சொல்லாது, சொல்றதுக்காக செஞ்சதும் இல்ல.

அப்ப பி.எச்.கியூ-9 போட்டு 12 வந்துச்சுன்னா டிப்ரஷன் கன்ஃபர்மா?

கிடையாது. ஆன்லைன்ல போட்டுட்டு நேரா வந்து "எனக்கு மாடரேட் டிப்ரஷன்"னு சொல்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேர். 10ஐ கட்-ஆஃபா வெச்சா டிப்ரஷன் இருக்கறவங்கள்ல 88% பேரப் புடிக்கும், இல்லாதவங்கள்ல 88% பேர இல்லன்னு சரியா சொல்லும், இது 2001 கட்டுரையோட எண். கேக்க பிரமாதமா இருக்கு. இப்ப 1000 பேர்ல 100 பேருக்கு நெசமா டிப்ரஷன் இருக்குன்னு வெச்சுக்கோங்க. 88 பேர புடிச்சிடும். மீதி 900 பேர்ல 12%, அதாவது 108 பேரையும் சேத்துப் புடிச்சிடும். ஆக 10க்கு மேல வந்த 196 பேர்ல நெசமான கேஸ் பாதிக்கும் கம்மி. அதனால அது வடிகட்டி, தீர்ப்பு இல்ல.

ஒன்பது கேள்வில தூக்கம், பசி, அசதின்னு ஒடம்பு சம்பந்தப்பட்டது வேற இருக்கு. தைராய்டு இருக்கறவங்க, பச்சக் கொழந்த வெச்சிருக்கற அம்மாக்கள் எல்லாம் மனசு நல்லா இருந்தாலும்கூட நாலஞ்சு புள்ளி வாங்கிடுவாங்க. பிரசவமானவங்களுக்குன்னே 1987ல எடின்பரோ ஸ்கேல்னு பத்து கேள்வி தனியா செஞ்சாங்க, அசதி, பசி மாதிரி ஒடம்பு அறிகுறிங்கள விட்டுட்டு. அங்க அதத்தான் எடுக்கணும்.

சின்ன நுணுக்கம் ஒண்ணு, பி.எச்.கியூ-9 கேக்கறது ரெண்டு வாரத்த. வாராவாரம் குடுத்தா போன வாரம் ரெண்டு ஃபார்ம்லயும் வரும், அதனால முன்னேற்றம் இருந்தாலும் எண் மெதுவாத்தான் எறங்கும். பொறுமையா இருங்க.

ஒன்பதாவது கேள்வியப் பாத்தா பயமா இருக்கு, அதுல குறி போட்டா என்ன பண்ணுவீங்க?

அது செத்துட்டா தேவலன்னு தோணுதா, தன்னையே காயப்படுத்திக்கத் தோணுதான்னு கேக்கறது. இந்த ஒரு கேள்விய மட்டும் மொத்தத்தோட கூட்டிட்டு விட மாட்டோம், மொத்தம் 5ஆ இருந்தாலும் அங்க 1 இருந்தா அன்னைக்கே உக்காந்து பேசுவோம். போலீசுக்கெல்லாம் சொல்ல மாட்டோம், பயப்படாதீங்க. "காலைல எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்"னு தோணறதுக்கும், எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, ஃபார்ம் அந்த ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டுக் கேக்குது, பிரிக்க வேண்டியது நாங்க. உயிர் ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர சேத்துக்குவோம், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான். இதப் படிக்கும்போதே அப்படி தோணிட்டு இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்க வேணாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416 அடிங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டுல 104 ஹெல்ப்லைனும் இருக்கு.

இதெல்லாம் இங்கிலீஷ்ல செஞ்சது, தமிழ்ல சரியா வருமா?

நல்ல கேள்வி, எனக்கும் இதுதான் பெரிய கவலை. ஒரு மொழில கிடைச்ச 0.93, 25, 5 எல்லாம் மொழிபெயர்ப்போட சேந்து தானா வந்துடாது, அந்த மொழி ஆளுங்ககிட்ட திரும்ப சோதிக்கணும். நம்ம பக்கம் வேலை நடக்காம இல்ல, சென்னையில கியூர்ஸ்னு பெரிய சர்க்கரை நோய் ஆய்வுல பி.எச்.கியூவ நம்ம ஜனங்களுக்கு ஏத்த மாதிரி 12 கேள்வியா மாத்தி சோதிச்சு, 2009ல வெளியிட்டாங்க, அத வெச்சு 25,455 பேர்கிட்ட கேட்டதுல 15.1% பேருக்கு டிப்ரஷன் அறிகுறின்னு வந்துச்சு. கோவாவுல டாக்டர் இல்லாத சாதாரண கவுன்சிலருங்கள பழக்கி நடத்தி 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுலயும் பி.எச்.கியூ-9 வெச்சுத்தான் யார் தேறினாங்கன்னு பாத்தாங்க.

ஆனா ஃபார்ம கையில குடுக்கும்போது நடக்கறது வேற. "பாதி நாட்களுக்கு மேல்"னு ஒரு கட்டம் இருக்கு. ஒரு பாட்டி, எழுவது வயசு இருக்கும், நான் படிச்சுக் காட்டினேன். "பாதி நாளுன்னா? காலைல நல்லாருக்கும், பொழுது சாஞ்சா ஒரு மாதிரி ஆயிடும், அது பாதி நாளுதானே?"ன்னு கேட்டாங்க. பதினாலு நாள்ல ஏழு நாளுக்கு மேலன்னு நான் சொன்னேன். "நான் என்ன காலண்டர்லயா குறிச்சு வெச்சிருக்கேன்"னாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனீங்களா, அன்னைக்கு எப்படி இருந்துச்சு, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைன்னு நாளப் புடிச்சு புடிச்சுப் போனாத்தான் ஒரு பதில் வந்துச்சு. இப்படி கேட்டு வாங்கினா ஃபார்மோட விதி மீறுனதா ஆயிடுமேன்னு புத்தகம் சொல்லும், தப்பில்ல, ஆனா ஒருத்தர்கிட்ட எந்த விதமா கேக்கறீங்களோ கடைசி வரைக்கும் அதே விதமா கேளுங்க. அந்தக் கடியாரக் கதைதான்.

"மனச்சோர்வு"ன்னு அச்சடிச்சிருக்கற வார்த்தைய வாயால சொல்ற ஆள நான் பாத்ததில்ல. மனசே சரியில்ல, எதுலயும் புடிப்பு இல்ல, நெஞ்சுல பாரமா இருக்கு, இப்படித்தான் சொல்வாங்க. ஓ.ஆர்.எஸ்ல வார்த்தை கம்மி, வெறும் கோடு, அதனால இந்தத் தொல்லையும் கொஞ்சம் கம்மி. ஆனா ஸ்கூலே போகாதவங்களுக்கு அந்தக் கோடே புரியாது, கோடு போட்ட நோட்டுன்னு நெனச்சு அதுல பேர எழுதினவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஓ.ஆர்.எஸ்ஸ வாயால பத்துக்கு எவ்ளோன்னு கேப்பேன்.

நான் சும்மா நல்லதா போட்டுட்டா உங்களுக்கு எப்படி தெரியும்?

தெரியாது. நேர்மையா சொல்றேன், ஃபார்ம்ல பொய் கண்டுபுடிக்கற மிஷின் எதுவும் கிடையாது.

ரொம்ப படுத்தறது செஷன் முடிவுல குடுக்கற எஸ்.ஆர்.எஸ்தான். அதுல 36க்குக் கீழ வந்தா பேசணும்னு கணக்கு, 40க்கு 36ன்னா பாருங்க எவ்ளோ மேல வெச்சிருக்காங்கன்னு, ஏன்னா அமெரிக்காவுலயே ஜனங்க மூஞ்சிக்கு நேரா கம்மி மார்க் போட மாட்டாங்க. நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். ஒரு அக்கா ஆறு வாரமா நாலுலயும் முழு பத்து போட்டுட்டே இருந்தாங்க, ஏழாவது வாரம் வரல. பல மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பாத்தப்போ அவங்களே சொன்னாங்க, "நீங்க பேசறது எனக்கு பாதி புரியவே இல்ல மேடம், ஆனா பேனாவ குடுத்துட்டு எதிர்லயே உக்காந்திருந்தீங்களா, எப்படி கம்மியா போடறது." எதிர்ல உக்காந்திருந்தது என் தப்பு. இப்ப அந்த நேரத்துல எழுந்து தண்ணி குடிக்கப் போயிடறேன். "பத்து போட்டா எனக்கு ஒரு உபயோகமும் இல்ல, இன்னைக்கு எது கொஞ்சம் இடிச்சுதுன்னு சொல்லுங்க"ன்னு மொதல்லயே சொல்லிடறேன். 9.2 போடற ஆளு இன்னைக்கு 8.1 போட்டா, அந்த ஒண்ணுதான் எனக்கு தங்கம்.

இப்படி ஃபார்ம் குடுக்கறதால தெரபி நல்லா வேலை செய்யுதா?

கொஞ்சம். 2009ல நார்வேல 205 தம்பதிங்களோட ஒரு ஆய்வு, ஓ.ஆர்.எஸ் எஸ்.ஆர்.எஸ் ஸ்கோர பாத்துப் பேசின பக்கம் அத பாக்காம பேசின பக்கத்த விட ரொம்ப தேறிச்சு, அதுதான் இத ஊரெல்லாம் பரப்பிச்சு. ஆனா அந்த ஆய்வ நடத்தினவங்கள்ல ஓ.ஆர்.எஸ்ஸ உருவாக்கின டங்கனும் ஒருத்தர். தன் புள்ளைக்கு தானே மார்க் போட்டா கொஞ்சம் கூடத்தானே வரும், கெட்ட எண்ணம்னு சொல்லல. 2020ல டென்மார்க் ஆளுங்க எல்லா ஆய்வையும் ஒண்ணா சேத்துப் பாத்தப்போ மொத்தத்துல சின்ன பலன்தான், அதுவும் மனநல மருத்துவமனை மாதிரி எடத்துல பலனே தெரியலன்னு வந்துச்சு. ஓ.கியூ-45 உட்பட எல்லா வகை ஃபீட்பேக்கையும் சேத்த இன்னொரு பெரிய தொகுப்புல விளைவோட அளவு 0.15 கிட்ட. சின்னதுதான், ஆனா செலவு ஒரு பேப்பரும் ஒரு நிமிஷமும்ங்கும்போது நான் எடுத்துக்குவேன்.

பேப்பர வாங்கி ஃபைல்ல சொருகிட்டா இந்த 0.15ம் வராது. நானே பல நாள் அப்படி சொருகியிருக்கேன்.

எண் நல்லா வந்தாத்தான் தெரபிஸ்ட் நல்லவர்னு வெச்சுக்கலாமே?

அய்யோ வேணாம். மேல சொன்ன இங்கிலாந்து அரசு தெரபி சேவை, 2008ல ஆரம்பிச்ச ஐ.ஏ.பி.டி திட்டத்துல, இப்ப அதுக்கு என்.எச்.எஸ் டாக்கிங் தெரபீஸ்னு பேரு, ஒவ்வொரு செஷனுக்கும் பி.எச்.கியூ-9, ஜி.ஏ.டி-7 குடுக்கறாங்க, இவ்ளோ ஒழுங்கா கணக்கு வெச்ச பொது சேவை ஒலகத்துலயே கம்மி, அதுல நான் அவங்க விசிறி. ஆனா தெரபி முடிச்சவங்கள்ல 50% பேர் குணமாகணும்னு டார்கெட் வெச்சாங்க, குணம்னா கட்-ஆஃபுக்கு மேலேர்ந்து கீழ வர்றது. இப்ப பாருங்க, பி.எச்.கியூ-9ல மட்டும் பாத்தா 10லேர்ந்து 9க்கு வந்தவர் கோட்ட தாண்டிட்டாரு. 24லேர்ந்து 13க்கு எறங்கினவர் தாண்டல. பதினோரு புள்ளி! ரெண்டாவது ஆளு வேலைக்குத் திரும்பப் போயிருப்பாரு, புள்ளைங்களோட சிரிச்சுப் பேசியிருப்பாரு. இந்தக் கோளாறு தெரிஞ்சுதான் ஆறு புள்ளி நகந்துச்சாங்கற கணக்கையும் சேத்துப் பாக்கறாங்க. இருந்தாலும் சம்பளமோ வேலையோ இந்த எண்ணுல தொங்க ஆரம்பிச்சா, சுலபமான கேஸா எடுக்கலாம், நல்ல வாரம் பாத்து கேஸ முடிக்கலாம்னு மனசு போகும். மனுஷ மனசுதானே.

ஃபார்ம் எங்க கிடைக்கும்? ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?

பி.எச்.கியூ-9 யாருக்கும் அனுமதி கேக்காம எடுத்துக்கலாம். ஓ.ஆர்.எஸ் தனியா பிராக்டிஸ் பண்றவங்களுக்கு இலவசம், பதிவு பண்ணி வாங்கணும்.

ஜெராக்ஸ் விஷயத்துல மட்டும் காத கிட்ட கொண்டு வாங்க. ஒரு வருஷம் எனக்கு புதுசா வர்றவங்க எல்லாரோட ஸ்கோரும் வழக்கத்த விட கம்மியா இருந்துச்சு. ஊர்ல என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு இன்டர்ன் பொண்ணுதான் ஸ்கேல வெச்சுப் பாத்துட்டு, "மேடம், கோடே 9.3தான் இருக்கு"ன்னா. பிரிண்ட் எடுக்கும்போது பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி சுருக்குங்கற ஆப்ஷன் தானா டிக் ஆயிருந்திருக்கு, அமெரிக்க பேப்பர் சைஸ்ல இருந்தது ஏ4க்கு சுருங்கிடுச்சு. 26 வர வேண்டிய ஆளுக்கு 24.2 வந்திருக்கு, கட்-ஆஃபுக்கு மேல இருக்க வேண்டியவர் கீழ போயிட்டாரு. 0.93 ஆல்ஃபா எல்லாம் இருந்து என்ன. அன்னைலேர்ந்து புது கட்டு பிரிண்ட் வந்தா முதல் தாள்ல ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டுத்தான் அடுக்குவோம். ஃபோன் ஆப்ல போடறீங்கன்னா இந்தத் தொல்லை இல்ல, ஆனா நடுவுல பேப்பருக்கும் ஆப்புக்கும் மாறாதீங்க.

என் ஸ்கோர் ஷீட்ட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?

தாராளமா. உங்களோடதுதான் அது. கிராஃபா போட்டும் தருவோம், கேளுங்க. வீட்டுல யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னா ஃபைல்லயே இருக்கட்டும், அதுவும் உங்க இஷ்டம். கொழந்தைங்களோட ஷீட்ட மட்டும் அப்பா அம்மா கேட்டா உடனே குடுக்க மாட்டோம், கொழந்தகிட்ட மொதல்ல கேப்போம், அதுல சண்டைக்கு வராதீங்க.